இதயநோய் ஆராய்ச்சி: மும்பை

மாரடைப்பு பணக்காரர்களுக்கு வரும் நோய் என்றுதான் வெகுகாலம் பேச்சு. அந்தப் பேச்சை ஆட்டம்காணச் செய்த ஆய்வுகள் சில மும்பையின் மருத்துவமனை வார்டுகளிலும் ரயில்வே பதிவேடுகளிலும் பிறந்தவை.

தொடக்கம் ஒரு வேர். பித்துக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேரை, மும்பை கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் இரத்தக் கொதிப்புக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1931இலேயே கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இதுபற்றி எழுதியிருந்தாலும், உலகம் திரும்பிப் பார்த்தது 50 நோயாளிகளை வைத்து வகீல் 1949இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தது. 1957இல் வகீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

அதே கே.இ.எம்.மில் 1968 பிப்ரவரியில் பிரஃபுல்ல குமார் சென் இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். நோயாளி சில மணி நேரமே உயிரோடிருந்தார்.

நம்மைத் தொடும் ஆய்வு மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரி எஸ்.எல். மல்ஹோத்ராவுடையது. ரயில்வே ஊழியர் ஒருவர் இறந்தால் காரணம் பதிவாகும். ஊர், வயது, வேலை எல்லாம் கோப்பில் இருக்கும். 1958 முதல் 1962 வரை நாடெங்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆண் ஊழியர்களின் கணக்கை அவர் அலசினார். 1967இல் வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. நெய்யும் பாலும் தாராளமாகச் சாப்பிடும் பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியர் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாக மாரடைப்பில் இறந்தார்கள். கொழுப்பின் வகையையும் மென்று தின்னும் பழக்கத்தையும் அவர் காரணமாகச் சொன்னார். சாவுக் கணக்கை மட்டும் வைத்து உணவின்மேல் பழிபோட முடியாதுதான். என்றாலும் மும்பையின் மாட்டுங்காவில் குடியேறி ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலைபார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது சொந்த வீட்டுச் செய்தி.

தாராவி போன்ற இடங்களில் இதயத்தைக் கெடுக்கும் வழி இன்னொன்றும் உண்டு. ஒரே அறையில் ஆறேழு பேர் ஒட்டிப் படுக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தொண்டைப்புண் அடுத்த பிள்ளைக்குத் தொற்றுகிறது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு மூட்டுவலியோடு காய்ச்சல் வந்து, இதய வால்வு சுருங்கிப்போகிறது. பென்சிலின் அதைத் தடுக்கும்.

புகையிலைப் பழக்கத்தின் கெடுதலை அளக்க 1991இல் பிரகாஷ் குப்தா தலைமையில் தொடங்கிய மும்பை ஆய்வின் குழுவினர் வாக்காளர் பட்டியலும் கையடக்கக் கணினியுமாக வீடுவீடாகப் போனார்கள். காவலாளி நிற்கும் வசதியான அடுக்ககங்களுக்குள் நுழைவது கடினம் என்பதால் அவற்றை விட்டுவிட்டார்கள். 35 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 1,48,000 பேர் பதிவானார்கள், பெரும்பாலும் எளியவர்கள். சிகரெட்டைவிட பீடி சாவைக் கூட்டுவது கம்மியல்ல என்பதை அந்தக் கணக்கு காட்டியது.

மும்பையைத் தாண்டிப் பார்த்தால், 2008இல் வெளியான கிரியேட் என்ற ஆய்வு 50 இந்திய நகரங்களில் 20,468 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. முப்பது நாளுக்குள் பணக்காரர்களில் 5.5 விழுக்காட்டினரும் ஏழைகளில் 8.2 விழுக்காட்டினரும் இறந்தார்கள். கிடைத்த சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்தபோது அந்த இடைவெளி மறைந்துபோனது.