கம்பெனி தன்னையே விசாரித்த கதை

கொல்லிமலையின் மேற்கு விளிம்பில் நின்று கீழே நோக்கினால், இராசிபுரமும் நாமக்கல்லும் அவற்றைச் சூழ்ந்த வயல்வெளிகளும் விரிந்து கிடக்கக் காண்கிறோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனைக் காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்கச் செய்தி. பின்னர் எத்தனையோ கைகள் மாறியது. 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம் சீமையையும் விட்டுக்கொடுத்தபோது, இம்மலையும் இதன் அடிவாரமும் இலண்டனில் பங்குதாரர்களைக் கொண்டிருந்த ஒரு வணிகக் கழகத்தின் ஆளுகைக்குள் வந்தன. வேந்தர்களையும் பாளையக்காரர்களையும் கண்டு பழகிய குடிகளுக்கு இது புதிய நிலை. ஆள்பவரே வணிகர், அவருடைய ஊழியர் குடியானவனிடம் கையூட்டுக் கேட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கேள்வியைச் சென்னையில் முன்பே சந்தித்து, வெட்கப்படத்தக்க முறையில் தோற்றிருந்தது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி பெருங்கடனாளி. அவருக்குக் கடன் கொடுத்தவர்களுள் பலர் கம்பெனியின் ஊழியர்களே. மிக உயர்ந்த வட்டிக்குக் கொடுத்து, ஈடாக மாவட்டங்களின் நிலவரியையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆண்டுக்குச் சில நூறு பவுன் ஊதியம் பெற்ற பால் பென்ஃபீல்டு, தமக்கு இரண்டு இலட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டும் என்றும், தஞ்சாவூரின் விளைச்சல் அதற்கு ஈடு என்றும் உரிமை கொண்டாடினார். தஞ்சை மன்னருக்கு அவருடைய நாட்டை மீட்டுக் கொடுக்குமாறு இயக்குநர்கள் அனுப்பிய கவர்னர் பிகட் அதற்கு இணங்கவில்லை. (பிகட்டும் முதன்முறை கவர்னராக இருந்து பெருஞ்செல்வத்தோடு சீமைக்குத் திரும்பியவர்தாம், புனிதராக அவரைக் காட்ட நாம் முனையவில்லை.) 1776 ஆகஸ்டில் அவருடைய ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினரே அவரைச் சிறைப்பிடித்தார்கள். மறு ஆண்டு மே மாதத்தில் காவலிலேயே இறந்தார். அக்குற்றத்திற்காகச் சபையினர் நால்வருக்கு 1780-இல் இலண்டன் நீதிமன்றம் விதித்த தண்டனை, தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவர்களுடைய செல்வத்திற்கு அது தூசு.

இதனினும் பெரிய அநீதி 1784-இல் நிகழ்ந்தது. நவாபின் கடன்களுள் எவை மெய், எவை பொய் என்று விசாரிக்க வேண்டுமெனக் கம்பெனியின் இயக்குநர்கள் விரும்பினார்கள். அரசு புதிதாக அமைத்த கட்டுப்பாட்டு வாரியமோ, விசாரணையின்றியே அவற்றைத் தீர்க்குமாறு கட்டளையிட்டது. 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் பாராளுமன்றத்தில் இதைக் கண்டித்து நெடுநேரம் முழங்கினார், பயனில்லை. கடனைத் தீர்க்கப் பணம் எங்கிருந்து வரும்? கருநாடகத்து உழவனின் களத்திலிருந்துதான். பின்பு எழுந்த கோரிக்கைகளை ஆராய 1805-இல் ஆணையர்கள் அமர்த்தப்பட்டார்கள். பல்லாண்டுகள் பத்திரம் பத்திரமாகப் பார்த்தார்கள். அவர்கள் முன் வைக்கப்பட்டவை மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்டவை. உண்மையென ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 27 இலட்சம். கணக்கைத் திறந்து பார்ப்பதற்கும் பாராமல் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு எண்களே சொல்லிவிடுகின்றன.

இந்தப் பின்னணியில்தான் சேலம் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிசு சென்னையின் சிவில் ஊழியர்களை நம்பவில்லை. நாட்டு மொழி அறிந்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. எஞ்சியோர் துபாஷிகளின் கையில் இருந்தார்கள். ஆகவே படைத்துறையைச் சேர்ந்த அலெக்சாந்தர் ரீடை அனுப்பினார். ரீடின் உதவியாளர்களுள் ஒருவராகத் தருமபுரியில் தங்கியவர் தாமஸ் மன்றோ. ரீடு நிலங்களை அளந்தார். இன்ன நிலத்துக்கு இன்ன தீர்வை என வகுத்தார். அதை எழுதிக் குடியானவன் கையிலேயே கொடுத்தார். விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை விட்டுவிடவும் உழவனுக்கு உரிமையுண்டு என 1796 டிசம்பரில் அறிக்கையும் வெளியிட்டார். தீர்வை கடுமையாகவே இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது கணக்குப்பிள்ளையின் நாவில் இல்லாமல் ஒரு தாளில் இருந்தது பெரிய மாற்றம். எழுத்தறியாதவனும் அத்தாளை வேறொருவரிடம் காட்டிப் படித்துக் கேட்கலாம் அல்லவா?

தாள் மட்டும் போதாது என்பதை அடுத்திருந்த கோயம்புத்தூர் காட்டியது. அங்கே வில்லியம் கேரோ கலெக்டராக இருந்தபோது, அவருடைய முழு நம்பிக்கையையும் பெற்றிருந்த காசிச் செட்டி என்பவர் அரசுக் கருவூலப் பணத்தைத் தம் வியாபாரத்துக்குத் திருப்பினார். கீழ்நிலை அலுவலர்கள் உடந்தையாயினர். அலுவலகமே ஒருவருக்குக் கட்டுப்பட்டிருக்கும்போது முறையீடு எங்கே ஏறும்? சீமையிலிருந்து திரும்பிவந்திருந்த மன்றோவும், பின்னாளில் உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சல்லிவனும் இதனை விசாரித்தார்கள். ஒரு நிறுவனம் தன் கிளையைத் தானே துருவிப் பார்த்த விசாரணை அது. இன்றைய பெருநிறுவனங்களின் உள்விசாரணைக்கு முன்னோடி என்றே சொல்லலாம். மன்றோ கவர்னரான பின், 1822-இல் ஒன்பதாம் ஒழுங்குவிதி பிறந்தது. வருவாய்த்துறை ஊழியரின் கையாடலையும் கையூட்டையும் விசாரிக்கும் அதிகாரம் அதனால் கலெக்டருக்குக் கிட்டியது. இந்திய அலுவலர்களுக்குத் தக்க ஊதியமும் பொறுப்பும் கொடாமல் நேர்மையை எதிர்பார்ப்பது வீண் என்றும் மன்றோ வாதிட்டார். அவ்வாதத்தைக் கம்பெனி ஒழுங்குவிதியைப் போல விரைந்து ஏற்கவில்லை.

இத்தகைய விசாரணைகளில் இழப்பு யாருடையது என்ற கேள்வி நம்மை உறுத்துகிறது. நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். சென்னையில் அலுவலக வளாகம் கட்டத் திட்ட அனுமதி பெறுவதற்காக, 2014-இல் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் கையூட்டுக்குக் காக்னிசன்ட் நிறுவனத்தின் மேலதிகாரிகள் ஒப்புதல் தந்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் கூறியது. நிறுவனம் உள்விசாரணை நடத்தி, 2016-இல் தானே அந்நாட்டு அரசுக்குத் தெரிவித்தது. 2019-இல், குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் செலுத்தியது. நீதித்துறை நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடராமல் விட்டது. குற்றத்தை மறுத்த முன்னாள் அதிகாரிகள் இருவர் மீதிருந்த வழக்கும் 2025-இல் கைவிடப்பட்டது. நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட இடம் சென்னை. பணம் சேர்ந்த இடம் அமெரிக்கா. எரிகோவின் சக்கேயு ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தபோது, உரோமைக் கருவூலத்துக்கு என்று சொல்லவில்லை. எவரிடமிருந்து எடுத்தாரோ அவருக்கே என்றார். ஈடுசெய்தலைப் பற்றி நம் திருச்சபை கற்பிப்பதும் இதுவே.

எடுக்கப்பட்டவர்களின் குரல் கம்பெனியின் ஏட்டில் ஏறியது மிகத் தாமதமாக. வரி வசூலிப்போர் குடிகளை வதைப்பதாக 1854-இல் பாராளுமன்றத்தில் பேச்சு எழவே, சென்னையில் மூவர் கொண்ட ஆணையம் அமர்த்தப்பட்டது. சில மாதங்களுக்குள் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான முறையீடுகள் வந்தன. பெரும்பாலானவை கடிதங்கள், ஐந்நூறுக்கு மேற்பட்டோர் நேரிலேயே வந்து நின்றார்கள். தொலைதூரத்திலிருந்து கால்நடையாகச் சென்னைக்கு வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். வெயிலில் நிறுத்துதல், குனியவைத்துக் கட்டுதல், விரல்களைக் கிட்டியில் நெரித்தல் எனத் தாங்கள் பட்டதையெல்லாம் சொன்னார்கள். அரசு வரிக்காக மட்டுமன்றி ஊழியரின் கையூட்டுக்காகவும் இவை நடந்தன என 1855-இல் ஆணையம் எழுதியது. வரி தண்டும் தாசில்தாரே காவல்துறைத் தலைவராகவும் இருந்ததால், அடித்தவரிடமே போய் முறையிடவேண்டிய நிலை இருந்தது என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

கம்பெனியின் ஆட்சி 1858-இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சென்னைக் காவல் சட்டம், வரி வசூலையும் காவலையும் வெவ்வேறு கைகளில் ஒப்படைத்தது.