மூன்றாம் உறுப்பினர் இல்லாத நாட்கள்

வங்கி ஊழியர்களின் ஊதியத் தகராறுகளை விசாரிக்க, 1949 ஜூனில் இந்திய அரசு மூவர் கொண்ட அகில இந்தியத் தொழில் தீர்ப்பாயம் ஒன்றை அமைத்தது. கே. சி. சென் அதன் தலைவர். தீர்ப்பாயத்தில் எத்தனை பேர் இருக்கவேண்டும் என்பதை 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் வரையறுக்கவில்லை. அதை அரசின் முடிவுக்கே விட்டிருந்தது.

உறுப்பினருள் ஒருவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி என். சந்திரசேகர ஐயர். இந்திய-பாகிஸ்தான் எல்லைத் தகராறுகளை ஆராய்ந்த தீர்ப்பாயத்தின் பணிக்காக அவர் அவ்வாண்டின் இறுதியில் சென்றார். எஞ்சிய இருவரும் விசாரணையைத் தொடர்ந்தனர். 1950 பிப்ரவரியில் ஐயர் மீண்டும் வந்து அமர்ந்தார். அவ்வாண்டே 'சென் அவார்டு' வெளியாயிற்று.

வங்கிகள் உச்ச நீதிமன்றத்தை நாடின. 1951 ஏப்ரலில் நீதிமன்றம் அவார்டைச் செல்லாததாக்கியது. மூவரும் சேர்ந்ததே தீர்ப்பாயம். இருவராகத் தொடர்வதாயினும், சென்றவர் திரும்பி மூவராவதாயினும், அரசு முறைப்படி அறிவிக்கை வெளியிட்டு அதைத் திருத்தியமைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. கேளாத சாட்சியத்தின்மேல் ஒருவர் தீர்ப்புரைப்பதைத் தடுக்கும் நியாயம் அதில் உண்டு. ஆயினும் அறிவிக்கை வெளியிடத் தவறியது அரசு. இழப்பைச் சுமந்தவர்கள் ஊழியர்கள். வழங்கப்பட்ட ஊதியம் தகுமா, தகாதா என்ற கேள்வி தீர்ப்பில் எழவே இல்லை.

வழக்கு மறுபடி தொடங்கியது. 1953இல் சாஸ்திரி அவார்டு வந்தது. 1954இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் திருத்தியது. அம்முடிவையும் அரசு மாற்றியபோது, தொழிலாளர் அமைச்சர் வி. வி. கிரி பதவி விலகினார்.

1956ஆம் ஆண்டுத் திருத்தம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஒழித்தது. தொழில் தீர்ப்பாயத்தை ஒரே நபர் கொண்டதாக்கியது. ஒருவரே இருக்குமிடத்தில் எஞ்சியோர் அமரலாமா என்ற ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் அவர் இல்லாத நாளில் விசாரணையும் இல்லை. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் எண்ணிக்கையை இரண்டாக்கி, நீதித்துறை உறுப்பினர் ஒருவரையும் நிர்வாக உறுப்பினர் ஒருவரையும் வகுத்துள்ளது.

மூன்று, ஒன்று, இரண்டு என எண்ணிக்கை மாறிய இவ்வரலாற்றைச் சட்ட மாணவர்கள் பெரும்பாலும் அதிகார வரம்பு பற்றிய பாடமாகவே பயில்கின்றனர். ஒரு நாற்காலி காலியாக இருந்த மாதங்களுக்காக, வங்கி எழுத்தர்கள் தங்கள் ஊதியக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து வாதிட நேர்ந்ததும் அப்பாடத்தின் பகுதியே.