ஏசுநாதரின் அறமும் அரசாங்கத்தின் கணக்கும்

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழராகிய நமக்குக் கணக்குப் புத்தகம் புதியதன்று. மிளகும் சுக்கும் ஏலமும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய இக்கடைத்தெருவிலே பற்றும் வரவும் எழுதிப் பழகியவர்கள் நம்மிற் பலர். ஒருவர் பேச்சைக் கேட்டு அறிவதைவிட அவர் பேரேட்டைப் புரட்டி அறிவது மிகுதி என்பதை நாம் அனுபவத்தால் உணர்ந்திருக்கிறோம். அரசாங்கங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஓர் அரசு எதைப் போற்றுகிறது என்பதை அதன் முழக்கங்களைக் காட்டிலும் அதன் செலவுக் கணக்கே தெளிவாகக் கூறும்.

நம் கொச்சியே இதற்குச் சான்று. 1503ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் இங்குக் கோட்டை கட்டினர்; கோட்டைக்குள்ளே கோவிலும் கட்டினர். பின்னாளில் புனித பிரான்சிஸ் ஆலயம் எனப் பெயர் பெற்ற அக்கோவிலிலேதான் 1524இல் மாண்ட வாஸ்கோடகாமாவின் உடல் முதலில் அடக்கம் செய்யப்பட்டது. 1663இல் டச்சுக்காரரும் 1795இல் ஆங்கிலேயரும் இந்நகரைக் கைப்பற்றினர். மூவரும் கிறிஸ்துவின் பெயரைத் தாங்கி வந்தவர்களே. ஏழைகட்கு அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. போர்த்துக்கீசியர் இங்கு இரக்க இல்லம் ஒன்றை அமைத்தனர். டச்சுக்காரர் பள்ளிப்புறத்திலே தொழுநோயாளர்க்கு ஓர் இல்லம் வைத்திருந்தனர். ஆயினும் கோட்டை, பீரங்கி, பண்டகசாலை ஆகியவற்றிற்கே முதற் செலவு. இரக்கத்திற்கு எஞ்சியதே கிடைத்தது. டச்சுக்காரரின் உடுப்புகளை வெளுப்பதற்காகக் கொணரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் கோட்டைக் கொச்சி வெளியிலே அத்தொழிலைச் செய்து வருகின்றனர். அவர்களுடைய முன்னோர் இந்நகருக்கு வந்ததும் அவ்வரசின் செலவுக் கணக்கின் ஒரு வரியாகவே எனலாம்.

கிறிஸ்துவின் போதனையையும் அரசாங்கத்தின் வரவு செலவையும் அருகருகே வைத்துப் படித்துக் காட்டிய ஒரு பெருமகனார் நம் தமிழகத்திலே தோன்றினார். அவரே ஜே. சி. குமரப்பா. 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரிலே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது அவருடைய முதற் பெயர். இலண்டனிலே கணக்காய்வுத் தொழில் பயின்று பம்பாயிலே அத்தொழிலை நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் அரசாங்க நிதியியல் கற்றார். இந்தியா ஏன் ஏழ்மையுற்றது என்பது பற்றி அவர் ஓர் ஆலயத்திலே ஆற்றிய சொற்பொழிவு பத்திரிகையில் வெளிவர, அதைக் கண்ட பேராசிரியர், அதனையே ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளுமாறு தூண்டினார் என்பர்.

அவ்வாராய்ச்சி கார்னீலியஸின் வாழ்வையே மாற்றிவிட்டது. பிறருடைய கணக்குகளைச் சரிபார்த்து ஊதியம் பெற்ற கை, ஒரு பேரரசின் கணக்கையே சரிபார்க்கத் தொடங்கிற்று. ஏழைக் குடியானவனிடமிருந்து திரட்டிய வரிப்பணம் படைக்கும் உயர் அதிகாரிகளின் ஊதியத்திற்கும் கடன் வட்டிக்கும் பெரிதும் சென்றது. கல்விக்கும் நலவாழ்வுக்கும் வேளாண்மைக்கும் சிறிதே வந்தது. 1929இல் நாடு திரும்பிய அவர் காந்தியடிகளைச் சபர்மதியிலே கண்டார். அடிகள் அவ்வாராய்ச்சியை ‘யங் இந்தியா’ இதழிலே தொடர்ந்து வெளியிட்டார். குடும்பப் பெயராகிய குமரப்பா என்பதை அவர் மீண்டும் ஏற்றுக்கொண்டதும் அக்காலத்தேதான். பின்னர்க் குஜராத்தின் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்திலே 54 கிராமங்களின் பொருளாதார நிலையை நேரிற் சென்று ஆராய்ந்தார்.

உப்பு வரியை எண்ணிப் பாருங்கள். 1930இல் மணங்கு ஒன்றுக்கு வரி 1 ரூபாய் 4 அணா. செல்வனும் உப்பிட்டு உண்டான்; கூலிக்காரியும் உப்பிட்டு உண்டாள். செல்வனுக்கு அது தெரியாத சுமை. கூலிக்காரிக்கோ அது வயிற்றிலிருந்து எடுத்த காசு. காணிக்கைப் பெட்டியிலே இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணே மற்றெல்லாரினும் மிகுதியாக ஈந்தவள் என ஏசுநாதர் சுட்டிக் காட்டிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். காணிக்கைப் பெட்டிக்கு உண்மையாவது அரசாங்கக் கருவூலத்திற்கும் உண்மையாகாதா? எண்ணிக்கையால் சிறியதாகிய காசு, அது வந்த இடத்தால் பெரியதாகிறது. அக்காசைக் கொண்டு முதலில் எதை வாங்குகிறோம் என்பதே கேள்வி. இந்த உப்பு வரி 1947இலேதான் நீக்கப்பட்டது.

கிறிஸ்துவ மறைநூலிலே வரியைப் பற்றிய செய்திகள் வேறு சிலவும் உள. திருமுழுக்கு யோவான் தம்மிடம் வந்த வரி தண்டுவோரைத் தொழிலை விட்டுவிடுமாறு கூறவில்லை; விதித்த அளவுக்கு மேல் வாங்காதீர் என்றே கூறினார். சகேயு என்னும் செல்வன் வரி தண்டுவோர்க்குத் தலைவன். அவன் மனம் திரும்பியபொழுது தன் உடைமையிற் பாதியை ஏழைகட்கு ஈந்து, அநீதியாய்ப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கூறினான். 1931இல் காங்கிரஸ் மகாசபை இந்தியாவின் கடன் சுமையை ஆராய அமைத்த குழுவிலே குமரப்பா முன்னின்று உழைத்தார். கம்பெனியார் தம் ஆதிக்கத்திற்காக நடத்திய போர்களின் செலவையும், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவையும் இந்நாட்டு ஏழைகளின் தலையில் ஏற்றியது முறையாகாதென அக்குழு வாதிட்டது. சகேயுவின் கதையை நன்கறிந்த ஒரு நாட்டினரிடத்து அக்கோரிக்கை வைக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்திலே ஒரு தடையை எழுப்புவோர் உளர். கிறிஸ்துவின் அறம் தனிமனிதர்க்கே உரியது. ஈகை என்பது மனமுவந்து ஈவது. வரியோ சட்டத்தின் வலிமையால் வாங்குவது. பிறர் பணத்தைக் கொண்டு அறம் செய்தல் அறமாகுமா என்பர். இத்தடை எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. 1930இல் குமரப்பா கிறிஸ்தவத் தலைவர்களை விடுதலை இயக்கத்தின் பக்கம் நிற்க அழைத்தபோது, கல்கத்தாப் பேராயர் வெஸ்ட்கட் சட்டமறுப்பு கிறிஸ்துவின் நெறிக்கு ஒவ்வாதென மறுத்தெழுதினார். அரசியலில் அறத்தின் எல்லை எது என்பதே அவ்விருவரிடையே நிகழ்ந்த வாதத்தின் உட்பொருள்.

நாம் காணும் விடை இது: வரி வலிமையால் வாங்கப்படுவதால்தான் அதன் செலவில் கண்டிப்பு இரட்டிப்பாக வேண்டும். தன் பணத்தை வீணாக்குவோன் தனக்கே தீங்கு செய்கிறான். கைம்பெண்ணின் காசை வீணாக்குவோன் யாருக்குத் தீங்கு செய்கிறான்? மேலும், இறுதித் தீர்ப்பைப் பற்றி மத்தேயு எழுதிய பகுதியிலே தீர்ப்புக்காகக் கூட்டப்படுவோர் எல்லா மக்களினத்தாரும் ஆவர். பசித்தோர்க்கு உணவும், நோயுற்றோர்க்குத் துணையும், அந்நியர்க்கு இடமும் தந்தது உண்டா என்பதே அங்குக் கேட்கப்படும் கேள்வி. நம் வள்ளுவரும் அரசின் திறத்தைக் கூறுமிடத்துப் பொருளை ஈட்டுவதோடும் காப்பதோடும் நில்லாது, முறையாக வகுத்துச் செலவிடுவதை முடிவாக வைத்தார்.

குமரப்பா பிறர்க்குச் சொன்னதைத் தாமும் செய்தவர். 1934 ஜனவரி 15இல் பீகார் நிலநடுக்கத்தால் சீரழிந்தபோது, உதவி நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என வரம்பு வகுத்தார். காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் பாட்னா வந்தபொழுது, அவர்களுடைய செலவை இந்நிதியிலிருந்து தர இயலாதென அடிகளின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் கூறிவிட்டார். அடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். தலைவருக்கும் விலக்களிக்காத கணக்கே மக்கள் நம்பத் தக்க கணக்கு.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து சிறைப்பட்ட அவர், ஜபல்பூர்ச் சிறையிலே ஏசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும் எழுதினார். பிறரை உறிஞ்சி வாழும் பொருளாதாரத்திற்குப் புலியையும், கைம்மாறு கருதாப் பொருளாதாரத்திற்குத் தாயையும் எடுத்துக்காட்டினார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராயிருந்தார். இறுதியில் மதுரைச் சீமையின் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் எளிய வாழ்வு வாழ்ந்து, 1960 ஜனவரி 30ஆம் நாள், அடிகள் மறைந்த அதே தேதியில், மறைந்தார்.

நாம் குடியேறி வாழும் கேரள நாட்டிலே, 1864இல் சாவறை குரியாக்கோஸ் அடிகளார் ஒவ்வொரு கோவிலோடும் ஒரு கல்விச்சாலை அமைக்க ஆணையிட்டார். கோட்டைக்குள் கோவில் எழுந்த இதே கரையிலே கோவிலருகே கல்விச்சாலை எழுந்தது. செலவின் வரிசை மாறிற்று, மக்களின் வாழ்வும் மாறிற்று.

ஆதலின், அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம் வெளிவரும் நாளில், நமக்கு எவ்வளவு வரி குறைந்தது என்று மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தல் போதாது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும், பள்ளி செல்லும் ஏழைச் சிறுவனுக்கும், வேலை தேடி வந்த அந்நியனுக்கும் எந்த வரியில் இடம் கிடைத்தது என்றும் பார்ப்போமாக. அந்நியராய் இவ்வூருக்கு வந்து இடம் பெற்ற நாம் அக்கேள்வியைக் கேட்க உரிமையும் கடமையும் உடையோம். அதே கேள்வியை நம் சங்கத்தின் கணக்கிலிருந்தே தொடங்குவோமாயின் இன்னும் சிறப்பாகும்.