எறும்புத் தலையும் எஃகுக் கம்பியும்

கோர்ட்டுக் கட்டுகளையும் சம்பளப் பட்டியல்களையும் சேர்த்துப் பிடிக்கும் சின்னஞ்சிறு கம்பி இருக்கிறதே, அதற்கு மனிதனுடைய குடலுக்குள் என்ன வேலை என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்தக் கேள்வியை மிகுந்த கவலையோடு ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் டாக்டர் அல்ல. பழவேற்காடு ஏரியில் வலை வீசிப் பிழைக்கிறவர்.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், ஆந்திர எல்லைக்கு முன்னால் வருகிற கடைசி ஸ்டேஷன் ஆரம்பாக்கம். அங்கிருந்து கிழக்கே போனால் ஏரிக்கரைக் குப்பங்கள். நாவல் ஒன்றுக்காக அந்தப் பக்கம் சில நாள் அலைந்தபோது, நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்த ஒரு பெரியவருடன் பழக்கம் ஏற்பட்டது. பேச்சுவாக்கில் சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டினார்.

"கொடலை வெட்டி ஒட்டினாங்க சார். நூலு போட்டுத் தெக்கலியாம், பின்னு அட்ச்சிட்டாங்களாம். பின்னு உள்ளயே கெடக்குதாம். உப்புத் தண்ணியில கெடந்தா இரும்பு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா சார்?"

உப்போடு காலமெல்லாம் வாழ்ந்தவரின் கேள்வி அது. அதற்குள் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. கம்பி துருப்பிடிக்காதா என்பது ஒன்று. அருமையான நூலும் ஊசியும் இருக்க, கம்பி எதற்கு என்பது மற்றொன்று. இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் தேடிப் போனால் அது ஈராயிரம் ஆண்டுச் சரித்திரமாக விரிகிறது.

தோலில் பட்ட காயத்தைத் தைப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. பதிற்றுப்பத்தில் செங்குட்டுவனைப் பாடிய பரணர், போரில் புண்பட்ட வீரர்களின் மார்பைத் தைக்கும் ஊசிக்கு ஓர் உவமை சொல்கிறார். குளத்தில் பாய்ந்து மூழ்கி மேலே எழும் சிச்சிலிப் பறவையைப் போல் அந்த ஊசி ரத்தத்தில் முழுகி எழுகிறதாம். தையல் போடுகிற கையை அருகில் நின்று பார்க்காதவருக்கு இப்படி ஓர் உவமை தோன்றியிருக்குமா? சுசுருதரும் உருண்டை ஊசி, முப்பட்டை ஊசி, வில்லாய் வளைந்த ஊசி என்று வகைப்படுத்தி, எந்த இடத்துக்கு எது என்றும் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆனால் குடல் என்று வந்தவுடன் அவரே ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார். துளைபட்ட குடலை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட வேண்டும். கடித்தவுடன் உடலைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். சரக சம்ஹிதையிலும் இந்த முறை உண்டு. பிற்காலத்தில் அராபிய வைத்தியர்களும் இதைக் குறித்து வைத்தார்கள். எறும்பின் இரண்டு கொடுக்குகளும் சேர்ந்தால் அது ஒரு கம்பிப் பின் அல்லாமல் வேறென்ன? புண் ஆறும்வரை அது பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு தானாகவே கரைந்துபோகும்.

குடலைத் தைப்பதில் ஏன் இத்தனை பயம்? ஏரிக்கரைப் பெரியவர் வலையைப் பற்றிச் சொன்னதுதான் இதற்கு நல்ல விளக்கம். "இறுக்கி முடிஞ்சா நூலு அறுந்துடும். லூசா உட்டா மீனு பூடும்." குடலிலும் இதே சங்கடம். தளர்ந்தால் உள்ளிருக்கும் அசுத்தம் வயிற்றறைக்குள் கசிந்து ஆளையே கொன்றுவிடும். இறுகினால் ஓரத்துச் சதைக்கு ரத்தம் போகாமல் அது அழுகி, பிறகு கசியும். வலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் நாலு மீன் நஷ்டம். குடலில் ஒரு தையல் அவிழ்ந்தால் ஒரு குடும்பமே நடுத்தெருவில் நிற்கும்.

1826-ல் லாம்பேர் என்ற பிரெஞ்சுக்காரர், குடலின் வெளித்தோல் வெளித்தோலோடு சேரும்படி தைத்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று காட்டினார். விதி கிடைத்துவிட்டது, ஆனால் விதியறிந்த கைகளெல்லாம் ஒரே மாதிரி தைப்பதில்லையே! 1892-ல் சிகாகோவில் ஜான் மர்பி ஊசியே வேண்டாம் என்று ஓர் உலோகப் பொத்தானைச் செய்தார். அதன் இரண்டு பாதிகளையும் குடலின் இரண்டு முனைகளில் பொருத்தி அழுத்தினால் போதும். குடல் ஒட்டிய பின் பொத்தான் மலத்தோடு வெளியே வந்துவிடும்.

1908-ல் புடாபெஸ்ட் நகரில் ஹூமேர் ஹுல்ட்டல் என்ற சர்ஜன், கருவி வடிவமைப்பாளர் விக்டர் ஃபிஷரின் துணையோடு, கம்பியால் தைக்கும் முதல் யந்திரத்தை இரைப்பை ஆபரேஷனில் பயன்படுத்தினார். அதன் எடை சுமார் மூன்றரைக் கிலோ. பூட்டித் தயார் செய்யவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆனாலும் அதற்குள் இருந்த யுக்தி அபாரமானது. மெல்லிய கம்பிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டை வரிசையில் இறங்கும். ஒவ்வொன்றும் ஆங்கில 'பி' எழுத்தைப்போல், அதாவது அடுத்தடுத்து இரண்டு வளையங்களாக, மடியும். அந்த வளையங்களின் இடுக்கு வழியே நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் நிற்காது. தளரவும் இல்லை, இறுகவும் இல்லை! இன்றைய கருவிகளும் இந்த யுக்தியைத்தான் பின்பற்றுகின்றன.

1920-களின் தொடக்கத்தில் இன்னொரு ஹங்கேரியர், அலாதார் பெட்ஸ், அதில் பாதி எடைகூட இல்லாத கருவியைச் செய்தார். அது ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆனால் ஒரு முறை தைத்தால், மறுபடியும் கம்பிகளை அடுக்கித்தான் ஆகவேண்டும்.

அந்தக் காலத்தில் சென்னையில் நிலைமை என்ன? இங்கே எல்லாம் கைதான். அந்தக் கைகளில் புகழ்பெற்றது டாக்டர் ரங்காச்சாரியின் கை. வெளியூர் நோயாளிகளைப் பார்க்கச் சொந்தமாக ஒரு சிறு விமானமே வாங்கி வைத்திருந்தார் அவர். நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு வேதனையும் எழுகிறது. ஒரு மாகாணம் முழுவதும் ஒரு மனிதரின் விரல்களை நம்பியிருந்தால், அவர் போய்ச் சேராத ஊர்களில் இருந்தவர்கள் கதி என்ன? ரங்காச்சாரி 1934-ல் காலமானார். அவருடைய விரல்களின் சாமர்த்தியமும் அவரோடு போயிற்று. அதே 1934-ல் ஜெர்மனியில் உல்ம் நகரத்து ஃப்ரீட்ரிஷ், முன்கூட்டியே கம்பி அடுக்கிய பெட்டியைக் கழற்றி மாட்டும் முறையைக் கண்டுபிடித்தார். ஒரே ஆபரேஷனில் பலமுறை தைக்க அது வழி செய்தது.

பிறகு ரஷ்யர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். அறுவைக் கருவிகளுக்கென்றே 1951-ல் மாஸ்கோவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ரத்தக் குழாய்க்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என்று கருவிகள் பிறந்தன. 1958-ல் கீவ் நகருக்குப் போன அமெரிக்க டாக்டர் மார்க் ராவிட்ச், அமோசோவ் என்ற சர்ஜன் சுவாசக் குழாயை இப்படிக் கம்பியால் மூடுவதைப் பார்த்து வியந்தார். லெனின்கிராடில் ஒரு கடையில் அந்தக் கருவி கிடைக்கவே, வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். இரண்டு வல்லரசுகளும் அணுகுண்டை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் நடந்த வியாபாரம் இது!

ரஷ்யக் கருவி ஒவ்வொன்றும் கையால் செய்யப்பட்டது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. கம்பிகளையும் ஒவ்வொன்றாக அடுக்கவேண்டும். வைத்தியம் படிக்காத லியோன் ஹிர்ஷ் என்ற வியாபாரி 1964-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி தொடங்கி, ராவிட்ச் முதலியோரின் ஆலோசனையுடன் இந்தக் குறைகளைத் தீர்த்தார். கிருமி நீக்கி, கம்பி அடுக்கிய பெட்டிகள் வந்தன. சதையின் கனத்துக்கு ஏற்ப மூன்றரை மில்லிமீட்டர் கம்பிக்கு நீலம், 4.8 மில்லிமீட்டர் கம்பிக்குப் பச்சை என்று நிறம்கூடக் குறித்தார்கள். வட்டமாகத் தைக்கும் கருவி வந்தபின், கை நுழையாத இடுப்புக் குழியின் அடியில் மலக்குடலை இணைக்க முடிந்தது. வயிற்றில் துளையிட்டு, ஆயுள் முழுவதும் பையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கவேண்டிய பலர் அந்த அவதியிலிருந்து தப்பினார்கள்.

இனித் துருவுக்கு வருவோம். இன்று உடலுக்குள் விடப்படும் கம்பி பெரும்பாலும் டைட்டேனியம். உடலின் உப்பில் அது துருப்பிடிக்காது. சதையோடு சண்டையும் போடாது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ அந்த இரும்புல ஒரு நங்கூரம் பண்ணச் சொல்லு சார்" என்றார். பயம் தெளிந்த மனிதனின் பேச்சு!

யந்திரம் வந்ததால் கைக்கு வேலை போய்விட்டது என்று எண்ணவேண்டாம். கை கற்ற சர்ஜனின் தையலும் யந்திரத் தையலும் பல ஆய்வுகளில் ஒன்றுக்கொன்று இளைத்தவையாக இல்லை. கம்பி வரிசையில் ரத்தம் கசிந்தால், சர்ஜன் மறுபடியும் ஊசியைத்தான் தேடுகிறார். ஏரிக்கரையிலும் அப்படித்தானே? நைலான் வலை யந்திரத்தில் பின்னி வருகிறது. கிழிந்தால் முடிவதற்கு மனிதன் வேண்டியிருக்கிறது. யந்திரம் செய்த நன்மை, அசாதாரணமான கை வாய்க்காத நோயாளிக்கும் ஒழுங்கான தையல் கிடைக்கும்படி செய்ததுதான்.

ஆனால் எறும்புக்கு விலை கிடையாது. இந்தக் கம்பிப் பெட்டிக்கு உண்டு. ஒரு முறை தைத்தால் காலி. ஓர் ஆபரேஷனுக்குச் சில பெட்டிகள் செலவாகலாம். நம் நாட்டிலேயே இப்போது இவற்றைத் தயாரிக்கிறார்கள். இருந்தாலும், நோயாளியின் மகன் மருந்துக் கடை வாசலில் நின்று மடியை அவிழ்த்து எண்ணுகிற காட்சி இன்னும் மறையவில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே, பெரிய ஆஸ்பத்திரியின் முகப்பில் ரங்காச்சாரி சிலையாக நிற்கிறார். வடக்கேயிருந்து வரும் மின்சார ரயில்களில் இறங்கி, நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு தினமும் எத்தனையோ பேர் அவரைத் தாண்டி உள்ளே போகிறார்கள். அவருடைய கையை விமானம் சுமந்து சென்ற காலம் போய்விட்டது. அந்தக் கையின் வித்தையில் ஒரு பகுதியைச் சின்னப் பெட்டி ஒன்றில் அடைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டி, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் கேளாமலே கிடைக்கவேண்டும்.