கடாரம் போகும் வழி

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து ஆண்ட ராஜேந்திர சோழன், 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான். கடாரம் என்பது மலேசியாவின் கெடா.

பின்னாளில் திருச்சி மாவட்டத்தில் இருந்து அதே கடலைத் தாண்டியவர்கள் தோட்டக் கூலிகள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு சேரப் பல நாள் ஆகும். ஊரில் தாய் இறந்தால் மகனுக்குக் கடிதம்தான் போகும். 1985ல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தபின் அந்தப் போக்குவரத்தும் நின்றது.

2008 டிசம்பரில் ஏர் ஏசியா திருச்சி - கோலாலம்பூர் நேரடி விமானம் விட்டது. சுமார் நாலு மணி நேரம்தான். திருச்சியில் இறங்கினால் அரியலூருக்கு ரயில், ரயில் இல்லாத பெரம்பலூருக்கு பஸ். சாவுச் செய்தி கேட்ட மகன் மறுநாளே வந்து தாயின் முகம் பார்க்கலாம். டிக்கெட்டுக்குப் பணமும் முதலாளியிடம் லீவும் கிடைத்தால்!