முதுசமும் அம்மாவின் கொப்பியும்

தேசவழமைச் சட்டம் என்றால் எங்கட ஆட்களுக்குச் சீதனமும் காணிச் சண்டையும்தான் ஞாபகம் வரும். அதில் வயதுபோன தாய் தகப்பனைப் பற்றியும் இருக்கிறது.

1706 இல் ஒல்லாந்தரின் திசாவையாக யாழ்ப்பாணத்தில் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் தொகுக்கத் தொடங்கினார். 1707 இல் வேலை முடிந்தது. 12 முதலியார்மார் வாசித்துச் சரி பார்த்தார்கள். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தார்கள். அதன்படி, பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை ஆண்பிள்ளைகள் சொத்தில் பங்கு கேட்க முடியாது. கலியாணத்துக்கு முன் உழைத்ததைக்கூட, போட்டிருக்கிற நகைநட்டைத் தவிர, வீட்டுச் சொத்தோடு சேர்த்துவிட வேண்டும். பெற்றோர் பட்ட கடனையும் மகன்மார் அடைக்க வேண்டும், முதுசம் ஒன்றும் மிஞ்சாவிட்டாலும்.

வயதுபோனவரின் விருப்பத்தைக் கேட்கவேண்டும் என்று தனியாக எழுதவேண்டிய தேவையே அப்போது இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பெட்டகத்துத் திறப்பு அவரின் இடுப்பில் இருந்தது. (ஆச்சிமாரின் சொல் எவ்வளவு எடுபட்டது என்பது வேறு கதை.)

1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து சனம் எழும்பியது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுத்திக்கொண்டு வந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். பிறகு பிள்ளைகளிடம் வெளிநாடு வந்தார்கள். விசா, வங்கி அட்டை, வைத்தியக் காப்புறுதிக் கடிதம் எல்லாம் இப்போது பிள்ளைகளின் கையில். திறப்பு இடம் மாறிவிட்டது. இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக்கூடாது என்கிறது, பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் வீடுகளில் பிரச்சினை கைவிடுவது அல்ல. அளவுக்கு மீறிப் பிடித்து வைத்திருப்பது.

எங்கள் வீட்டிலும் வைபரில் கூட்டம் நடந்தது. ஊரில் காணி விடுபட்டிருக்கு, அம்மாவுக்கு அங்கதான் மனம் என்றார் கனடா அண்ணா. தங்கச்சி லண்டனுக்குக் கூப்பிட்டாள். அம்மா பக்கத்து அறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தா.

நான் இருக்கிற சுவிசில் 2013 ஜனவரி 1 முதல் புதிய சட்டம். சுயநினைவு இல்லாமல் போனால் என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைக்கலாம். தன் காரியங்களை யார் பார்ப்பது என்பதற்கு இன்னொரு பத்திரம். அதை நொத்தாரிசிடம் முடிக்காவிட்டால் முழுவதையும் தன் கையாலேயே எழுதவேண்டும். பிள்ளை தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கினால் செல்லாது! இந்த விதி எனக்கு நல்லாப் பிடித்திருக்கிறது.

விசயத்தைச் சொல்லிக் கொப்பியைக் கொடுத்தேன். இரண்டு நாள் எடுத்து எழுதினா. ஊருக்கு ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வருவன், இருக்கிறது இந்த இரண்டு அறை வீட்டிலதான். ஒருதற்ற வீட்டிலயும் போய் இருக்கமாட்டன். குழாய் போட்டு வைச்சிருக்க வேண்டாம். செத்தவீட்டுச் செலவுக்குக் காப்பு இருக்கு, விக்கலாம். இவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேரும் பேசியதில் ஒன்றுகூட அதில் இல்லை.

கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினேன். தங்கச்சி அழுதாள். அண்ணா, "அம்மாவுக்கு என்ன தெரியும், நீதான் சொல்லிக் குடுத்திருப்பாய்" என்றார். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு நான் குசினிக்குப் போய்விட்டேன்.