தண்டல் என்பவர் யார்?

தண்டையார்பேட்டைக் கடைத்தெருவில் நின்று 'தண்டல்' என்று சொன்னால், கேட்பவர் நினைவுக்கு முதலில் வருவது கடன். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, நாள்தோறும் சிறுசிறு தொகையாகத் திருப்பி வாங்கும் கடனுக்கு வடசென்னையில் அப்பெயர் வழங்குகிறது. புலவர் ஒருவரைக் கேட்டால், வரி தண்டுதல் என்னும் பழைய வழக்கை எடுத்துக்காட்டி, தண்டல் என்பது வரி திரட்டும் பணி என்பார். இரண்டும் சரியே. ஆயினும், இராயபுரத்துக் குடும்பம் ஒன்றின் பெட்டியில் பழைய பத்திரம் ஒன்று அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாட்டனாரின் பெயருக்குப் பக்கத்தில் 'தொழில்: தண்டல்' என்று அதில் எழுதியிருக்கிறது. அவர் வட்டிக்கு விட்டவரும் அல்லர், வரி வாங்கியவரும் அல்லர் என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். அவர் கடலில் நின்று பிழைத்தவர்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கு இடம் பெற்றது முதல், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் கரையை அணுகவே முடியவில்லை. கரைக்குத் தொலைவில், ஆழமான நீரில் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே, ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து விழும் அலைகள் இருந்தன. ஐரோப்பியரின் படகுகள் அந்த அலையில் சிக்கினால் பிளந்து போயின. ஆகவே பயணிகளும், துணிப் பொதிகளும், வெள்ளிப் பெட்டிகளும், குதிரைகளுங்கூட நம் நாட்டு மசூலாப் படகிலேதான் ஏறி இறங்கின.

அப்படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்து, இடுக்குகளில் வைக்கோல் போன்றவற்றைச் செருகியிருப்பர். அலை மோதும்போது ஆணியடித்த படகு உடையும். தைத்த படகோ கூடை நெளிவதுபோல் நெளிந்து கொடுக்கும். தண்ணீர் சிறிது உள்ளே வரும். இறைத்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பான். துடுப்பு வலிப்போர் இரு பக்கமும் அமர்ந்து பாடிக்கொண்டே வலிப்பர். இத்தனை பேருக்கும் தலைவராய், பின்புறத்தில் நீண்ட துடுப்பைப் பிடித்து நின்றவரே தண்டல். கடற்கரையின் பிற பகுதிகளில் இச்சொல் தண்டயல் என்றும் தண்டேல் என்றும் வழங்கியது. எந்த அலையைப் போக விடுவது, எந்த அலையின் முதுகில் ஏறுவது என்று அவர் ஒரு கணத்தில் முடிவு செய்ய வேண்டும். முடிவு தவறினால் படகு குறுக்கே திரும்பும், பிறகு கவிழ்வதுதான். அதனால் படகுகளுக்கு அருகே கட்டுமரக்காரர் உடன் சென்றனர்; கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவரை எடுப்பது அவர்கள் வேலை. கப்பலுக்கு அவசரக் கடிதம் போக வேண்டுமானாலும் கட்டுமரக்காரரே கொண்டு போயினர். தாள் நனையாதிருக்கத் தலையில் அணிந்த கூம்புத் தொப்பிக்குள் அதை வைத்துக்கொள்வார்கள். அக்காலக் கவர்னர் கடிதங்கள் பல அந்தத் தொப்பிக்குள் இருந்தே பயணத்தைத் தொடங்கின என்பதை நினைக்கையில் நமக்குச் சிறிது பெருமிதம் தோன்றுவது இயல்புதானே!

இத்தொழில் எப்படி மறைந்தது? 1860-களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1876-இல் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பத் தொடங்கினர். 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். 1904-இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் காலத்தில் நுழைவாயில் வடகிழக்குப் பக்கம் மாற்றப்பட்டது. கப்பல்கள் சுவரோரமாய் வந்து நின்றன. அலையின் முதுகில் ஏறத் தெரிந்தவருக்கு அப்புறம் ஏறுவதற்கு அலையே இல்லை.

இனி, அந்தத் தண்டலை அரசாங்கம் எவ்வாறு எண்ணியது என்று பார்ப்போம். சென்னை இராஜதானியில் ஒழுங்கான குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கு, 1871-இல் எடுக்கப்பட்டது. அதன் அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்னும் மருத்துவர். சென்னை நகரின் தொகை அப்போது 3,97,552. 1881-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே சமயத்தில் கணக்கெடுத்தனர். வீடு வீடாகச் சென்றவர், வீட்டார் சொன்ன தொழிற்பெயரைத் தம் மொழியில் எழுதினார். பின்னர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அதை ஏதேனும் ஒரு வகுப்பில் அடக்கினார். 1901-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொழில் வகுப்புகள் 520. 1911-இல், பிரெஞ்சுப் புள்ளியியலறிஞர் பெர்த்திய்யோன் வகுத்த முறையைத் தழுவி, அவற்றை 169 ஆகச் சுருக்கினர். நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க இது பெரிதும் உதவியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 520 அறைகளிலேயே இடம் நெருக்கடியாயிருந்த ஊர்த்தொழில்கள் 169 அறைகளுக்குள் போனபோது என்ன ஆயிருக்கும்? தண்டலும், துடுப்பு வலித்தவரும், தண்ணீர் இறைத்தவரும் 'படகோட்டிகள்' என்ற ஒரே எண்ணாகிவிடுவர்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த ஆளைத் தேடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் தேடலாம். அங்கே 1841 முதல் எடுத்த கணக்குகளில் பெயர், வயது, தொழில் எழுதிய ஏடுகளையே காத்து வைத்து, நூறாண்டு கழிந்தபின் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டு ஏடுகள் 2022-இல் திறக்கப்பட்டன. 1931-ஆம் ஆண்டு ஏடுகள் மட்டும் 1942-இல் தீப்பற்றி அழிந்தன. நம் நாட்டில் எண்ணிக்கை முடிந்ததும் வீட்டுப் படிவங்களைப் பாதுகாத்து வைக்கும் வழக்கம் இருக்கவில்லை. எண்கள் தங்கின, பெயர்கள் போயின. 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் தனி மனிதர் பற்றிய குறிப்பைப் பிறர் பார்வையிட இடந்தரவில்லை. எனவே நம் முன்னோரின் தொழிலை அறியக் கிரயப் பத்திரம், தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள கம்பெனிக் குறிப்புகள் ஆகியவற்றையே நாட வேண்டும். அங்கே சொல் கிடைக்கும். ஆனால் சொல்லே வழி தவறச் செய்வதும் உண்டு.

தண்டையார்பேட்டைக்கு அடுத்திருக்கும் வண்ணாரப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக் குறிப்புகளில் 'வெளுப்போர்' என்று வருபவர், ஊரார் உடுத்திய துணியை வாங்கிச் சலவை செய்தவர் அல்லர். தறியிலிருந்து இறங்கும் புதுத் துணி பழுப்பாகவும் கஞ்சி ஏறியும் இருக்கும். அதைச் சாணம் கரைத்த நீரிலும் சுண்ணாம்பு நீரிலும் ஊறவைத்து, அடித்து, பல நாள் வெயிலில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெண்மையாக்கிய பிறகே அது கப்பலேறும் தகுதி பெற்றது. திறந்த வெளியும் நல்ல தண்ணீரும் வேண்டியிருந்தமையால் அத்தொழிலாளர் நகரின் வடபுறத்தில் குடியேறினர். ஏற்றுமதித் தொழிலின் கடைசிப் படி அவர்கள் கையில் இருந்தது. பின்வந்தோர் அச்சொல்லைச் சாதிப் பெயராக மட்டுமே படித்தனர். தொழில் நுட்பம் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. குடிமதிப்பு ஏடுகளில் சாதிக்கு ஒரு பத்தி, தொழிலுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியே இருந்தும், இரண்டுக்கும் ஒரே சொல் நின்றால் படிப்பவர் மயங்காமல் என்ன செய்வார்?

இன்னும் வடக்கே போனால், திருவொற்றியூரை அடுத்துக் காலடிப்பேட்டை இருக்கிறது. யாருடைய காலடி என்று கேட்க வேண்டாம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளருக்காகவும் துணித் தொழிலாளருக்காகவும் ஏற்படுத்திய குடியிருப்பு அது. காலெட்பேட்டை நம் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. கம்பெனியின் பழைய குறிப்புகளில் நெசவாளரோடு சேர்த்துப் 'பெயிண்டர்' என்றும் சிலர் வருவர். இன்றைய பெயிண்டரை நினைத்துச் சுவருக்கு வண்ணம் பூசியவர் என்று கருதினால் ஏமாந்து போவோம். அவர் சீட்டித் துணி எழுதியவர். கடுக்காய் நீரில் தோய்த்த துணியில், மூங்கில் எழுதுகோலால் பூவும் கொடியும் வரைந்து, வண்ணம் பற்ற வேண்டிய இடத்தில் படிகாரத்தை இட்டு, சாயவேர்ச் சாறு கொதிக்கும் அண்டாவில் முக்குவார். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடம் வெளுக்க வெளுக்க வெண்மையாகும். ஐரோப்பியப் பெருமாட்டிகள் விரும்பி உடுத்த அந்தச் சிவப்பு, நம் கடற்கரை மணலில் முளைத்த சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. வேரைத் தோண்டுவதே தனித் தொழிலாயிருந்தது.

ஊர்ப்பெயரைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லிவிடலாம். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாழ்ந்த சூஃபிப் பெரியார் குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் தொண்டியார் என்று மக்கள் அழைத்தனர். அதனால் தொண்டியார்பேட்டை எனப் பெயர் வந்தது என்பார்கள். அப்பெரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். ஆனால் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு இந்த ஊரும் 1693-இலேயே கம்பெனியாருக்குக் கிடைத்தது என்பது ஆவணம் சொல்லும் செய்தி. அன்பினால் எழுந்த கதைக்கு அதனால் இழுக்கில்லை, ஆண்டுதான் ஒத்துவரவில்லை.

இவ்வாறு காலத்தோடு பொருள் மாறிய சொற்கள் வேறு சிலவும் உண்டு. லஸ்கர் என்பது பாரசீக மொழியில் படையைக் குறித்தது. பின்னர் பீரங்கிப் படையின் உதவியாளையும், அதன்பின் கப்பல் தொழிலாளியையும் குறித்தது. பொதுப்பணித்துறையிலோ ஏரி மதகைத் திறந்து மூடுபவருக்கு அது பெயராயிற்று. பியூன் என்ற போர்த்துக்கேசியச் சொல் காலாளைக் குறிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பியூன் கையில் ஆயுதம் இருந்தது. சராப் என்பவர் நாணயத்தைத் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, வராகனுக்கும் பணத்துக்கும் காசுக்கும் மாற்றுச் சொன்னவர். தாள் நோட்டு மிகுந்தபின் தட்டிப் பார்க்க என்ன இருக்கிறது?

கடைசியாக, எந்த ஏட்டிலும் சரியாக அகப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தறி ஓயாமல் ஓடப் பலர் நூல் நூற்க வேண்டும்; நூற்றவருள் பெரும்பாலோர் பெண்கள். 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையைக் கம்பெனியார் அமைத்தபோது, நெய்வோர், எழுதுவோர், வெளுப்போர் ஆகியோருடன் நூற்போரையும் பெயர் சொல்லி அழைத்துக் குடியேற்றினர். அவர்களின்றித் தொழில் இல்லை என்பது வணிகருக்குத் தெரிந்திருந்தது. பிறகு இங்கிலாந்து ஆலை நூல் வந்து இராட்டினத்தை ஓட்டியது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் உழைப்போர் ஒரு பக்கம், அவரைச் சார்ந்து வாழ்வோர் ஒரு பக்கம் என்று பிரித்து எழுதினர். பெண்களும் தொழில் செய்தால் அதைக் குறிக்க வேண்டும் என்பதே விதி. ஆனால் கணக்கெடுப்பவரின் கேள்விக்கு விடை சொன்னவர் பெரும்பாலும் வீட்டு ஆடவர். வலை பின்னியவளையும், மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாய் விற்றவளையும், எஞ்சிய இராட்டினத்தில் நூற்றவளையும் அவர் எந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பார்? சார்ந்தோர் பத்தியில் எழுதப்பட்டவளுக்கு நேரே, அவளைக் காப்பாற்றுவதாகச் சொல்லப்பட்டவரின் தொழிலைத்தான் எழுதினார்கள். தண்டலின் மனைவிக்கு நேரேயும் படகோட்டி என்றே இருந்திருக்கும்.